கேப்டன் ட்ரைப்பின் கள்ள மேகங்கள்

1855 பிப்ரவரியில் சென்னைப் பட்டணத்தில் ஒரு பொருட்காட்சி. தென்னிந்தியாவின் கச்சாப் பொருள், கலைப் பொருள், உற்பத்திப் பொருள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். நம் மதுரைத் தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் வேளாண்மைத் துறை அரங்குக்கும் டெல்லி அப்பளத்துக்கும் நடுவில் வழி தெரியாமல் சுற்றியவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்தக் கூட்டத்துக்குள் கம்பெனி ராணுவத்து அதிகாரி ஒருவர் 68 போட்டோக்களைக் கொண்டுவந்து மாட்டினார். ஹளேபீடு, பேலூர் பக்கத்துக் கோயில்கள். அதுவரை கேமரா முகத்தில் விழிக்காத கோயில்கள். நடுவர் குழு வந்தது, பார்த்தது, தலையை ஆட்டியது. காகிதத்தில் எடுத்த காட்சிப் படங்களில் இதுதான் சிறந்த வரிசை என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போனது.

அந்த அதிகாரியின் பெயர் லின்னேயஸ் ட்ரைப். வயது 32.

போட்டியில் ஒருமுறை ஜெயித்தவனுக்கு அடுத்து என்ன ஆகும் என்பது நம் கேமரா கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். அவன் வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். புது லென்ஸ், புது ஸ்டாண்டு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு அலாரம். ட்ரைப்புக்கும் அதே வியாதிதான். ஆனால் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அதே 1855ல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு அவரையும் படமெடுக்க அனுப்பினார்கள். 1856ல் சென்னை அரசு அவரை அரசாங்கப் புகைப்படக்காரர் ஆக்கியது. பிரிண்ட் போடும் கூடம் பெங்களூரில். சம்பளமும் கொடுத்து, ஊரைச் சுற்றிப் படமும் எடுக்கச் சொல்லும் வேலை. இன்றைக்கு அப்படி ஒரு வேலை காலியாக இருந்தால் தல்லாகுளத்திலிருந்து மட்டும் நூறு விண்ணப்பம் போகும்.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு தெற்கே இறங்கினார். வடக்கே சிப்பாய்க் கலகம் எரிந்துகொண்டிருந்தது. லக்னோவில் இன்னும் சண்டை ஓயவில்லை. கம்பெனியின் தலையெழுத்தே ஊசலாடிக்கொண்டிருந்த நேரத்தில் கம்பெனியின் கேப்டன் ஒருவர் ஸ்ரீரங்கத்தில் எந்தக் கோணம் எடுப்பாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். இதற்குக் கடமையுணர்ச்சி என்றும் பெயர் வைக்கலாம். கிளப் ஆட்கள் இதை ‘நல்ல லைட்டு விட்டா வராது’ என்பார்கள்.

1858 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மதுரையில் வேலை. மீனாட்சியம்மன் கோயில், புது மண்டபம், தெப்பக்குளம், இடிந்து கிடந்த திருமலை நாயக்கர் மகால். கோயில் நகைகளைக்கூட வெளியே எடுத்து வைக்கச் சொல்லிப் படமெடுத்தார். விளக்குத்தூணையும் விடவில்லை. கோட்டைச் சுவரை இடித்து மதுரையை அகலப்படுத்திய கலெக்டர் பிளாக்பர்னுக்கு நன்றிக்கடனாக எழுந்த தூண் அது. தீபாவளிக்கு முந்தின வாரம் அந்த இடத்தில் நின்று ஜவுளிக்கடைப் பைகளின் நடுவே மூச்சு விட்டுப் பார்த்தவர்கள் ட்ரைப் எடுத்த படத்தைப் பார்த்தால் பொறாமையில் வெந்துபோவார்கள்.

வைகையின் தரைப்பாலத்தையும் எடுத்தார். ஆல்பர்ட் விக்டர் பாலம் வர இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. படத்தின் தலைப்பு, வைகை ஆறும் மதுரைக்குப் போகும் தரைப்பாலமும் என்கிற பொருளில் இருக்கிறது. மதுரை இருப்பது தென்கரையில். அப்படியானால் மனிதர் மதுரையைப் பார்த்து நின்ற கரை எது? நம்ம கரை. கோரிப்பாளையமும் தல்லாகுளமும் இருக்கிற கரை. இதைக் கேட்டதும் கிளப்பின் மூத்த உறுப்பினர்கள் சிலர் அவரை ‘நம்ம ஏரியாக்காரர்’ என்றே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்து அவர் யானைமலைக்குப் போய் அந்தப் பாறையைப் பக்கவாட்டிலும் எடுத்தார், நுனியிலிருந்தும் எடுத்தார். ஒத்தக்கடையில் இன்றும் எல்லோரும் அந்த இரண்டு கோணத்தில்தான் எடுக்கிறார்கள். எடுத்துவிட்டு ‘என் பார்வை’ என்று தலைப்பு வைக்கிறார்கள்.

இங்கேதான் மேகம் வருகிறது.

ட்ரைப்பின் நெகட்டிவ் காகிதத்தில். நல்ல காகிதத்தை மெழுகில் ஊறவைத்து, வெள்ளி உப்பு ஏற்றி, கேமராவுக்குள் செருகி, வெயிலில் நிமிஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நிமிஷங்களில் குறுக்கே நடந்த மனிதர்கள் படத்தில் பதிய மாட்டார்கள். ட்ரைப்பின் மதுரையில் ஆளே இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். படத்தைப் பெரிதாக்கும் வசதி கிடையாது. படம் எவ்வளவு பெரிதோ நெகட்டிவும் அவ்வளவு பெரிது, அதைத் தாங்கும் கேமரா அதைவிடப் பெரிது. இதெல்லாம் சமாளிக்கக்கூடிய தொல்லை. பெரிய தொல்லை வானம். அந்த ரசாயனத்துக்கு நீலம் என்றால் உயிர், பச்சை என்றால் அலட்சியம். வானம் ஒரேயடியாக வெந்து வெளுக்கும் அல்லது திட்டுத் திட்டாகக் கறைபடும். மரங்கள் கருப்பு மூட்டைகளாக நிற்கும்.

மற்றவர்கள் நெகட்டிவில் வானத்தின் மேல் மையைப் பூசி மொத்தமாக மூடிவிடுவார்கள். பிரிண்டில் வானம் சுத்தமான வெள்ளை. கதை முடிந்தது. ட்ரைப்புக்கு அது போதவில்லை. மதுரை வெயிலில் அத்தனை பாடுபட்டு எடுத்துவிட்டு மேலே வெள்ளைத்தாளாக விடுவதா? தூரிகையை எடுத்தார். நெகட்டிவின் முதுகில் நிறத்தைத் தொட்டுத் தொட்டு வைத்தார். நெகட்டிவில் நிறம் எங்கே இருக்கிறதோ அங்கே வெளிச்சம் தடைபடும். வெளிச்சம் தடைபட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். ஆக, முதுகில் ஒரு தீற்று தீற்றினால் முன்னால் ஒரு மேகம். மரத்தின் மேல் நாலு புள்ளி வைத்தால் இலைகளில் வெயில். போட்டோஷாப் கடைக்கு வந்தது 1990ல். அதற்கு 132 வருஷம் முன்பே மனிதர் லேயர் போட்டு வேலை பார்த்திருக்கிறார். ‘அண்டூ’ பொத்தான்தான் இல்லை.

இவர் ஒருவரை மட்டும் பிடித்து உதைப்பது நியாயமில்லை. அன்றைக்கு உலகமே இந்த வேலையில்தான் இருந்தது. 1857ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் கண்காட்சிக்கு ரெய்லாண்டர் என்பவர் ஒரு படம் கொண்டுபோனார். 30க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒட்டிச் செய்த ஒரே படம். விக்டோரியா மகாராணி பார்த்தார், வீட்டுக்காரருக்கு ஒரு பிரதி வாங்கிக் கொடுத்தார். ட்ரைப் மதுரையில் இருந்த அதே 1858ல் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து, சாகக் கிடக்கும் ஒரு பெண்ணின் படத்தை உருவாக்கினார். அந்தரங்கமான துக்கத்தைக் காட்சிக்கு வைக்கலாமா என்று ஜனங்கள் கொதித்தார்கள். துக்கமும் ஒட்டு வேலை என்று தெரிந்தபின் அதற்கும் சேர்த்துக் கொதித்தார்கள். ஆனால் இந்த இருவரும் செய்ததை மறைக்கவில்லை. இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர் போன ட்ரைப்புக்குப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டு கண்ணில் பட்டது. ஒரு படத்தில் அடங்காது. துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்ட்களைப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினார். மொத்த நீளம் ஏறக்குறைய 19 அடி. இன்று செல்போனைக் கையில் பிடித்து இடமிருந்து வலமாக நகர்த்தி, நடுவில் மாமா ஒருவருக்கு மூன்று கால் முளைக்கவைக்கும் பனோரமாவின் தாத்தா இதுதான். தாத்தாவுக்கு யாருக்கும் மூன்று கால் வரவில்லை. கல்வெட்டு நடமாடாது என்பது ஒரு வசதி.

இத்தனை வேலையையும் அவர் ஒற்றை ஆளாகச் செய்யவில்லை. சி. அய்யாசாமி என்று ஓர் உதவியாளர் இருந்தார். கையெழுத்து மட்டும் ‘எல். ட்ரைப்’. கல்யாண ஆல்பத்தில் ஸ்டூடியோ முதலாளியின் பெயரும், மொட்டை மாடியில் குடையைப் பிடித்து நின்ற பையனின் வியர்வையும் இருக்கும் ஏற்பாடு அன்றே தொடங்கிவிட்டது.

பிறகு வந்தார் நடுவர்களுக்கெல்லாம் நடுவர். 1859ல் சென்னை கவர்னராக சர் சார்லஸ் ட்ரெவெல்யன் பொறுப்பேற்றார். கணக்கைப் புரட்டினார். கலகத்தை அடக்கிய செலவில் கஜானா வற்றிக் கிடந்தது. இப்போதிருக்கும் நிதி நிலைமைக்கு இந்தப் போட்டோ வேலை பெரிய ஆடம்பரம், நிறுத்து என்றார். வானம் சரியில்லை, கோணம் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராக மூட்டையைக் கட்டச் சொல்லிவிட்டார். மறுவருஷமே, கல்கத்தாவில் இருந்தவர்கள் கொண்டுவந்த வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக ட்ரெவெல்யனையும் மூட்டை கட்டச் சொன்னார்கள். கிளப் அரசியலில் இதைவிட வேகமாகத் தலைவர் மாறியதை நாமே பார்த்திருக்கிறோம் என்பதால் யாரும் அதிர்ச்சி அடைய வேண்டாம். ட்ரைப் அதன்பின் கேமராவை ஏறக்குறைய மறந்தார். 1902ல் இங்கிலாந்தில் காலமானார்.

தூரிகை சாகவில்லை. அது ஸ்டூடியோக்காரர்களிடம் வந்தது. நெகட்டிவ் டச்சிங் என்று ஒரு தனித் தொழிலே இருந்தது. கூராகச் சீவிய பென்சிலால் நெகட்டிவில் அம்மைத் தழும்பை மறைப்பார்கள், கன்னத்தை நிரப்புவார்கள், கழுத்தில் இல்லாத சங்கிலியைப் போட்டுவிடுவார்கள். உயிரோடு இருந்தபோது சேர்ந்து படமெடுத்துக்கொள்ளாத தாத்தாவையும் பாட்டியையும் இரண்டு தனிப் படங்களிலிருந்து வெட்டி ஒரே பிரேமில் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். இறந்தவரை எடுத்த படத்தில் கண்ணைத் திறந்து வரைவார்கள். அந்தக் கண்ணைப் பார்த்து, ‘அப்பா அப்படியே இருக்காரு’ என்று பிள்ளைகள் அழுவார்கள். பொய் என்று யாரும் புகார் கொடுத்ததில்லை. புகார் கொடுக்க அங்கே விதிமுறைப் படிவம் எதுவும் இல்லை.

போட்டிக்குப் படம் அனுப்பும் நமக்குப் படிவம் இப்போது இருக்கிறது. அதனால்தான் சித்திரை பிறந்தால் தல்லாகுளத்தில் இத்தனை பதற்றம்.

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் தன் மலையிலிருந்து கள்ளர் கோலத்தில் கிளம்பி வருகிறார். மூன்றுமாவடியில் எதிர்சேவை. தல்லாகுளம் பெருமாள் கோயிலில் திருமஞ்சனம். கள்ளர் கோலத்தைக் களைந்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடி, தங்கக் குதிரையில் ஏறுகிறார். அதன்பிறகுதான் வைகை. சாமியே இங்கே ஒப்பனையை மாற்றிக்கொண்டுதான் லட்சம் பேர் முன்னால் போகிறார். அப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு படத்துக்கு ஒப்பனை கூடாது என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும். சாலோன் என்று நாங்கள் சொல்லும் புகைப்படப் போட்டியின் விதிமுறைக்கு அந்தத் துணிச்சல் உண்டு.

முதலில் அளவு. இன்றைய சாலோன்களில் பெரும்பாலும் கேட்பது அகலம் அதிகபட்சம் 1920 பிக்சல், உயரம் அதிகபட்சம் 1080 பிக்சல். நடுவர்கள் பார்க்கும் திரை அந்த வடிவில் இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். ஆனால் விளைவைப் பாருங்கள். படுத்துக் கிடக்கும் யானைமலைக்கு 1920 கிடைக்கும். 170 அடி உயர்ந்து நிற்கும் தெற்குக் கோபுரத்துக்கு 1080தான். நிற்பதைவிடப் படுப்பதற்கு மதிப்பு அதிகம் என்று முடிவு செய்த முதல் கலை அமைப்பு இதுவாகத்தான் இருக்க வேண்டும். நாயக்கர் காலத்துச் சிற்பி இந்த விதியைப் படித்திருந்தால் கோபுரத்தைப் பக்கவாட்டில் கட்டியிருப்பார்.

அடுத்து நிறம். கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்று வைத்து எடுத்துவிட்டு, எஸ்ஆர்ஜிபி ஆக மாற்றாமல் அனுப்பும் உறுப்பினர் கிளப்புக்கு ஒருவராவது உண்டு. மாற்றாமல் போனால், நிறக் குறிப்பைப் படிக்கத் தெரியாத திரையில் படம் சோகை பிடித்துத் தெரியும். அதிலும் பச்சை முதலில் வாடும். வேறு ஊரில் இது தொழில்நுட்பக் கோளாறு. மதுரையில் இது தெய்வ குற்றம். அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு என்று ஊரே கழுத்தை நீட்டிப் பார்க்கும். பச்சை என்றால் அந்த வருஷம் செழிப்பு. பட்டர் எடுத்துக் கட்டியது நல்ல பச்சை, இவர் அனுப்பிய ஃபைலில் காய்ந்த வெட்டுக்கிளி நிறம். ஒரு மெனுவைத் திறக்காத சோம்பலில் ஜில்லா முழுவதற்கும் பஞ்சம் அறிவித்தாயிற்று.

மூன்றாவது, ஃபைல் கனம். 2 எம்பிக்குள் என்பார்கள். ஜேபெக் என்பது படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எட்டாத நுணுக்கத்தைத் தூக்கி எறியும் கணக்கு. வெற்று வானத்தைச் சின்னதாக மடித்துவிடும். சிதறும் துளியைக் கண்டால் திணறும். தோல்பையிலிருந்து பக்தர்கள் பீய்ச்சி அடித்த தண்ணீர், பின்னால் ஆயிரம் தலை, சர்க்கரைத் தீபம், குதிரையின் தங்கத் தகடு என்றால் ஒவ்வொரு துளியும் கேபி கேட்கும். இரவு பதினொன்றரைக்கு இந்தக் குரல் கேட்கும்:

“அண்ணே, ரெண்டரை எம்பி காட்டுது. உள்ள எடுக்க மாட்டேங்குது.”

“குவாலிட்டிய பத்துல வை.”

“வச்சேன். தண்ணி தண்ணியா இல்லண்ணே, பூந்தி மாதிரி இருக்கு.”

“சேவ் பண்ணுன ஜேபெக்கையே மறுபடி மறுபடி சேவ் பண்ணா அப்படித்தான். ஒரிஜினல்ல இருந்து ஆரம்பி தம்பி.”

ஒரிஜினல் இருக்கும் இடத்தைப் பற்றி அதன்பின் ஒரு மௌனம் நிலவும்.

சரி, அளவு சேர்ந்தது, நிறம் சேர்ந்தது. இனி எந்தப் பிரிவு? இயற்கைப் பிரிவில் எதையும் சேர்க்கவும் கூடாது, நீக்கவும் கூடாது. செய்திப்படப் பிரிவிலும் அதேதான். பயணப் பிரிவிலும் ஏறக்குறைய அதேதான். மேகம் வரைந்த தன் படம் ஒன்றோடு நம் ட்ரைப் துரை இந்த வருஷம் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நடுவர்கள், ஆளுக்கு ஐந்து மதிப்பெண்.

“கோயில் நல்லாத்தான் இருக்கு. ஆனா நட்டநடுவுல வச்சுட்டாரே சார்.”

“மனுஷ நடமாட்டமே இல்ல. ஒரு குடைக்காரரு, ஒரு சின்னப் பொண்ணு, ஏதாவது ஒண்ணு இருந்திருக்கலாம்.”

“அத விடுங்க. அந்த மேகத்தப் பெருசாக்குங்க. ஓரத்தப் பாத்தீங்களா? பிரஷ் தெரியுது.”

கீழே மூலையில் கையெழுத்தும் தெரிகிறது. ஆசிரியர் பெயர் படத்தில் தெரிந்தால் நேராக வெளியே. 1855ல் சென்னையில் ஜெயித்தவர் 15க்கு ஐந்து வாங்கிக்கொண்டு, ஏற்கப்படவில்லை என்ற மின்னஞ்சலைப் படித்துக்கொண்டிருப்பார். பிரிண்ட் பழுப்பேறி இருப்பதால் ஒற்றை நிறப் பிரிவில் ஒரு வாய்ப்பு உண்டு என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். அங்கேயும் வரைந்த மேகம் வரைந்த மேகம்தான்.

நடுவர்களையும் குறை சொல்ல முடியாது, அவர்கள் சூடுபட்டவர்கள். லண்டனில் ஆண்டுதோறும் நடக்கும் காட்டுயிர்ப் படப் போட்டியில் 2009ல் வேலியைத் தாண்டும் ஓநாய்க்கு முதல் பரிசு கொடுத்தார்கள். அது காட்டு ஓநாய் இல்லை, பழக்கிய ஓநாய் என்று முடிவு கட்டி 2010 ஜனவரியில் பறித்தார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். அதே போட்டியில் பரிசு பெற்ற ஓர் எறும்புதின்னி, பாடம் செய்து வைத்த பொம்மை என்ற சந்தேகத்தில் 2018ல் வெளியேற்றப்பட்டது. அங்கேயும் எடுத்தவர் மறுத்தார். எறும்புதின்னியின் கருத்து பதிவாகவில்லை. 2023ல் சோனி உலகப் போட்டியில் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மானியர், பரிசு வாங்கிய என் படம் செயற்கை நுண்ணறிவு செய்தது, எனக்கு வேண்டாம் என்று தானே சொல்லித் திருப்பிக் கொடுத்தார். மறுவருஷம் வேறொரு போட்டியில் மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர், தலை தெரியாமல் உடம்பைச் சொறிந்துகொண்டு நின்ற ஒரு நிஜப் பூநாரையின் படத்தைச் செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் போட்டுப் பரிசு வாங்கினார். நிஜம் என்று தெரிந்ததும் தகுதி நீக்கம். பொய் சொன்னதற்காக விரட்டப்பட்டவர்கள் வரிசையில், உண்மையான பறவையைக் கொண்டுவந்ததற்காக விரட்டப்பட்டவரும் சேர்ந்தார்.

இந்தப் பட்டியலை நீளவாக்கில் பார்த்தால் ஒரு சங்கதி பிடிபடும். பரிசு பறிபோன யாரும் தூரிகையைத் தொட்டதற்காகப் பிடிபடவில்லை. படிவத்தில் எழுதியது ஒன்று, படத்தில் இருந்தது வேறு என்பதற்காகத்தான் பிடிபட்டார்கள். ரெய்லாண்டர் 30 நெகட்டிவ் ஒட்டினேன் என்றார், மகாராணி காசு கொடுத்தார். டச்சிங் கலைஞர் செத்தவர் கண்ணைத் திறந்தார், குடும்பமே கூட இருந்து கேட்டு வாங்கியது. ட்ரைப் மேகம் வரைந்தார், வரையவில்லை என்று எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை. மேகத்தில் கள்ளம் கிடையாது. ‘எதையும் மாற்றவில்லை’ என்ற கட்டத்தில் டிக் அடிக்கும் விரலில்தான் கள்ளம்.

அதனால் அழகரைத் தாராளமாக அலங்காரம் செய்யுங்கள். வானம் வெளுத்திருந்தால் இருட்டுங்கள், குறுக்கே வந்த கரும்புக்கட்டை வெட்டுங்கள், மேகம் வேண்டுமானால் போன வருஷத்து மேகத்தை எடுத்து வையுங்கள். வைத்துவிட்டு அதற்கென்று இருக்கும் திறந்த பிரிவில் போடுங்கள். பத்திரிகைக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு செய்திப்படப் பிரிவில் நுழையாதீர்கள். இன்னொன்று, ஒரிஜினலைப் பத்திரமாக வையுங்கள். சந்தேகம் வந்தால் ரா ஃபைலை அனுப்பு என்று சாலோன்காரர்கள் கேட்பார்கள். ட்ரைப்பிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். தூரிகைத் தடத்தோடு அவருடைய நெகட்டிவ்கள் பல 160 வருஷம் கழித்தும் இங்கிலாந்தில் பத்திரமாக இருக்கின்றன. நாம் அவர் மேகத்தைக் கண்டுபிடித்ததே அவர் அதை ஒளித்து வைக்காததால்தான். நம் ஆட்களிடம் கேட்டால் மட்டும் எப்போதும் ஒரே பதில்: “கார்டு கரப்ட் ஆயிருச்சு சார்.” தோற்ற படங்கள் இருக்கும் கார்டெல்லாம் பத்து வருஷம் நன்றாக ஓடுகிறது. மெடல் வாங்கிய படம் இருக்கும் கார்டு மட்டும் அந்த வாரமே கெட்டுப்போகிறது. ஏன் என்று கார்டு கம்பெனிக்காரர்கள்தான் ஆராய்ந்து சொல்ல வேண்டும்.